ஓரகத்தியின் கிலோமீட்டர்

எங்கள் ஊரில் முதன்முதலாகச் சைக்கிள் ஓட்டிய பொம்பளை நான்தான். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் நானே எழுதி வைக்கிறேன், நான் பேசப் பேச என் போன் எழுதிக்கொள்கிறது.

முப்பது வருஷத்துக்கு முந்தி எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆட்கள் வந்தார்கள். எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். எழுத்து எனக்குப் பாதிதான் ஏறியது. இன்றைக்கும் பஸ் போர்டை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆனால் சைக்கிள் மூன்றே நாளில் வந்துவிட்டது. நடுவில் கம்பி வைத்த ஆம்பளை சைக்கிள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் குரங்குப் பெடல், பிறகு சீட்டு. பள்ளிக்கூடத்து மைதானத்தில் நான் நாலு சுற்றுச் சுற்றியபோது வேலியோரம் நின்ற ஆம்பளைகள் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாம் என்றுதான் வந்திருந்தார்கள். அடுத்த வாரமே கேரியரில் ஒரு மூட்டை கடலையைக் கட்டிக்கொண்டு ஆலங்குடிச் சந்தைக்குத் தனியாகப் போய் வந்தேன்.

என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனார் பெண்சாதி, என்னைவிட ஆறு வயசு இளையவள். அவளுக்குச் சைக்கிள் பழக்கியது நான். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். நான் கையை விட்டுவிட்டேன் என்று தெரிந்ததும் அவள் கத்திக்கொண்டே போய் எருக்குழியில் விழுந்தாள். பழையதைக் கிளறுவதற்காக இதைச் சொல்லவில்லை. யார் முன்னால் போனது, யார் பின்னால் வந்தது என்று படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

போன வருஷம் அவளுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் சைக்கிள் ஓட்டினால் நல்லது என்றும் சொன்னார். அவளுடைய மகள் திருச்சியில் வேலை பார்க்கிறாள். வாராவாரம் சனிக்கிழமை வருவாள், ஞாயிறு சாயங்காலம் போவாள். அவள் அம்மாவுக்குப் புதுச் சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். போனை மாட்டுவதற்கு ஹேண்டில்பாரில் ஒரு பிடி வைத்தாள். போனுக்குள் ஒரு ஆப் போட்டாள். நாம் ஓட்ட ஓட்ட அந்த ஆப் எண்ணிக்கொண்டே வருமாம். எந்தத் தெருவில் போனோம், எங்கே திரும்பினோம் என்று நீலக்கோடு போட்டுக் காட்டுமாம். இவள் விடிந்ததும் தார்ரோட்டில் பள்ளிக்கூடம் வரைக்கும் போய்த் திரும்புவாள், இரண்டு தடவை. ஐந்து கிலோமீட்டர். அவ்வளவுதான். அந்தக் காலத்தில் நான் ஐந்து கிலோமீட்டரை ஓட்டுவதாகவே நினைத்ததில்லை, தண்ணிக்குப் போய் வருவதாக நினைத்தேன்.

ஆனால் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த நீலக்கோட்டுப் படத்தை அவள் மகள் எங்கள் குடும்ப குரூப்பில் போட்டுவிடுவாள். இந்த வாரம் முப்பது, மொத்தம் இத்தனை என்று. உடனே சிங்கப்பூரிலிருந்து ஒரு கைதட்டு, கோயம்புத்தூரிலிருந்து ஒரு பூங்கொத்து. எனக்கு எழுத்துத் தடுமாறும் என்று தெரிந்து எல்லோரும் குரூப்பில் பேசியே அனுப்புவார்கள். அதனால் ஒன்று விடாமல் என் காதில் விழுந்து தொலையும். "சித்தி, கலக்குறீங்க" என்று ஒரு நாள் ஒரு குரல் வந்தது. துபாயில் இருக்கிற என் மகன் குரல்தான் அது. பெத்தவளுக்கு ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு நான் சாதம் வடிக்கும்போது கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டேன்.

பொங்கல் முடிந்த ஞாயிறு, மொத்தம் முந்நூறு என்று படம் வந்தது. கூடவே அவள் மகள் ஒரு சேதி சொல்லியிருந்தாள். மாசிப் படையலுக்குள் அம்மா ஐந்நூறு கிலோமீட்டர் தொட்டுவிட்டால், குலசாமி கோயிலில் எல்லார் முன்னாலும் நம் குடும்பத்தின் முதல் சைக்கிள் வீராங்கனைக்குப் பொன்னாடை போர்த்தலாம் என்று. நான் அந்தப் பேச்சை மூன்று தடவை போட்டுப் போட்டுக் கேட்டேன். முதல். முதல் சைக்கிள் வீராங்கனை. என் வீட்டுக்காரர் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தவர், "ஒரு தடவ கேட்டாப் பத்தாதா?" என்றார். எனக்குக் காது மந்தம் என்றேன்.

அந்தச் சின்னப் பெண் வேண்டுமென்றே சொல்லவில்லை, அது எனக்கும் தெரியும். அவள் பிறப்பதற்கு முந்தி நடந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவள் அம்மாவுக்குத் தெரியும். அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எனக்குப் பொறாமை என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இப்போது நானே சொல்கிறேன், பொறாமைதான். அவள் புதுச் சைக்கிள் மேல் இல்லை. சிங்கப்பூர்க் கைதட்டு மேலும் இல்லை. அந்த நீலக்கோட்டு மேல். நான் ஓட்டிய ரோடெல்லாம் கோடு இல்லாமல் போய்விட்டதே என்று. மழையில் செம்மண்ணோடு போன என் சைக்கிள் தடத்தை யாரும் படம் பிடிக்கவில்லை.

சரி, நமக்கும் போன் இருக்கிறது, மகன் அனுப்பியது. நாமும் அந்த ஆப்பைப் போட்டு ஓட்டுவோம், படையலன்று போனை எடுத்துக் காட்டுவோம் என்று முடிவு பண்ணினேன். இரண்டு வாரம் மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன். கேட்க வாய் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு அவள் மகள் பஸ்ஸுக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரம் பார்த்துப் போனேன். ஒங்கம்மா போன்ல இருக்கிற அந்தச் சைக்கிள் சமாச்சாரத்தை என் போனிலும் போடு என்றேன்.

"எதுக்குப் பெரியம்மா, நீங்க ஓட்டப் போறீங்களா?"

அப்போது ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. ஆனால் அவள் அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் எப்படி ஆமாம் என்பது?

"நான் எங்கிட்டு ஓட்டப் போறேன்? ஒங்கம்மா போறதச் சும்மா பார்க்கத்தான்" என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துபோயிற்று. பெரியம்மாவுக்கு என் அம்மா மேல் எவ்வளவு ஆசை என்று நினைத்திருப்பாள். நின்றபடியே இரண்டு நிமிஷத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். திறந்து பார்த்தேன். எல்லாம் இங்கிலீஷ். மேலே ஒரு பேர் மாதிரி ஏதோ எழுதியிருந்தது. என் போன், அதனால் என் பேராகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கே அமுக்க வேண்டும் என்பதை நான் யாரிடமும் கேட்கவில்லை. ஓரகத்தி கிளம்பும்போது வாசல் தெளிக்கிற மாதிரி அவள் பக்கத்தில் போய் நின்று கண்ணால் படித்தேன். சிவப்பு வட்டம் அமுக்கினால் ஓட ஆரம்பிக்கும். வந்து சேர்ந்ததும் சதுரம். அப்புறம் அடியில் வரும் நீலப் பட்டை. அ, ஆவன்னா கற்றுக்கொண்டதைவிட இது சுலபமாக இருந்தது.

என் சைக்கிள், என் மகள் பத்தாவது படிக்கையில் ஓட்டியது. மாட்டுக்கொட்டகையில் சாய்ந்து கிடந்தது. காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, ஒருநாள் ஓரகத்தி போய் வந்த பிறகு கிளப்பினேன். அவள் போகிற தார்ரோட்டுப் பக்கம் நான் போவதா? அய்யனார் கோயில் வழியாக, முந்திரிக் காட்டுக்குள் போகிற செம்மண் பாதையில் போனேன். போனை வைக்க எனக்குப் பிடி கிடையாது. சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பத்து வருஷம் கழித்து ஏறுகிறேன். முதல் பத்து மிதியில் முழங்கால் இரண்டும் கடகடவென்றது. அப்புறம் உடம்புக்கு ஞாபகம் வந்துவிட்டது. தை மாசத்துப் பனி இன்னும் விலகவில்லை. முந்திரி பூத்து அந்த வாசம் மூக்கை அடைத்தது. திடீரென்று என் இடுப்பிலிருந்து ஒரு பொம்பளைக் குரல் இங்கிலீஷில் பேசியது. எனக்குத் தூக்கிப் போட்டது. ஒன் கிலோமீட்டர் என்பது மட்டும் புரிந்தது. அட, நம்மைத்தான் எண்ணுகிறாள். அப்படி ஒரு சந்தோஷம் வந்தது எனக்கு. நான் போகிற வேகத்தை ஒருத்தி கூடவே வந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்காகவே கொஞ்சம் அழுத்தி மிதித்தேன்.

அய்யனார் கோயில் வந்ததும் செருப்பைக் கழற்றிக் கேரியரில் வைத்துவிட்டு இறங்கினேன். சாமிக்கு முன்னால் வண்டியில் உட்கார்ந்து போகக் கூடாது. மண்குதிரை வரிசை முடிகிற வரைக்கும் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இப்போது எல்லோரும் பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறார்கள், அது அவர்கள் பாடு. நான் தள்ளிக்கொண்டு போகையில் இடுப்புக்காரி வேறு என்னமோ சொன்னாள். பிறகு ஏறி மிதித்ததும் திரும்ப ஒன்று சொன்னாள். நின்றுவிட்டாய், கிளம்பிவிட்டாய் என்று சொல்கிறாள் போல. நான் தள்ளி நடந்ததை அவள் எண்ணவில்லை. எனக்குக் கோபம்தான். அய்யனாருக்காக நடந்தது கணக்கில் வராதா? ஆனாலும் மறுநாளும் இறங்கித்தான் நடந்தேன்.

முதல் நாள் நாலு கிலோமீட்டர். எண் எனக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். அடுப்படிச் சுவரில் கரியால் நாலு என்று எழுதினேன். அப்புறம் ஆறு, அப்புறம் ஐந்து, அப்புறம் ஏழு. டீக்கடை முன்னால் போகும்போது இடுப்புக்காரி சத்தமாகப் பேசிவிட்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் என் இடுப்பையே பார்த்தார்கள். நான் முகத்தை நேராக வைத்துக்கொண்டு போய்விட்டேன். என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு நாள் கேட்டார், தைலம் தீர்ந்துபோச்சே, யார் கூடப் போட்டி என்று. யார் கூடவும் இல்லை என்றேன். "அப்பத் தோக்க மாட்ட" என்று சொல்லிவிட்டுக் கயிறு திரிக்கப் போய்விட்டார்.

அந்த வாரம் என் சுவரில் கூட்டினால் இருபத்திரண்டு. அவள் முப்பதுக்குள் போவாள், எட்டுதான் வித்தியாசம், அடுத்த வாரம் பிடித்துவிடலாம் என்று நான் நினைத்திருக்க, ஞாயிற்றுக்கிழமை குரூப்பில் படம் வந்தது. ஓரகத்தி இந்த வாரம் ஐம்பது.

ஐம்பதா? நான் ஓட்டுவது அவளுக்குத் தெரிந்துபோயிற்று, அதனால்தான் ஏற்றிக்கொண்டே போகிறாள் என்று நினைத்தேன். வாங்க அக்கா, முடிந்தால் பிடிங்க என்கிறாள். சரி என்று அடுத்த வாரம் விடியலில் ஒரு நடை, மத்தியானம் அவள் கண்ணயர்கிற நேரத்தில் ஒரு நடை என்று போனேன். வெயிலில் செம்மண் புழுதி பல்லெல்லாம் கரகரத்தது. சுவரில் நாற்பத்தெட்டு. இடுப்பு என்னுடையதா என்று தெரியவில்லை, அப்படி ஒரு வலி. ஞாயிற்றுக்கிழமை படம் வந்தது. அவள் ஐம்பத்தெட்டு. மொத்தம் நானூற்று அறுபத்தெட்டு.

நான் எவ்வளவு மிதித்தாலும் அவள் எனக்கு முன்னாலேயே போய் நிற்கிறாள். இப்படி ஒரு பொம்பளை உண்டா உலகத்தில்? என் மகன் குரல் வேறு, சித்தி, ஒலிம்பிக்ஸ் போயிரலாம் என்று. நான் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

திங்கட்கிழமை நான் ஓட்டப் போகவில்லை. அவள் எப்போது போகிறாள், எப்படிப் போகிறாள் என்று பார்த்துவிடுவது என்று வாசலிலேயே கடலையை உரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். காலையில் போகவில்லை. மத்தியானம் போகவில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக் கொல்லைப் பக்கம் ஆடு தேடுவதுபோல் போய் எட்டிப் பார்த்தேன். அந்தப் புதுச் சைக்கிள் முன் சக்கரத்தில் காற்றே இல்லாமல் நிற்கிறது. சக்கரத்துக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே சிலந்தி வலை கட்டியிருக்கிறது. நாலைந்து நாள் வலை. பக்கத்து வீட்டுக்காரியிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். ஓரகத்திக்குக் குதிகால் வீங்கி ஐந்தாறு நாளாகக் காலை ஊன முடியவில்லையாம்.

அன்றைக்கு எனக்கு இருந்த குளிர்ச்சியை என்ன சொல்ல? திருட்டு. போனை யாரிடமோ கொடுத்து பஸ்ஸில் அனுப்புகிறாள், பால் வண்டியில் தொங்கவிடுகிறாள், என்னவோ செய்கிறாள். படையலுக்கு நாலு நாள் இருந்தது. பொன்னாடையை விரிக்கும்போது எழுந்து சொல்ல வேண்டும் என்று இரவெல்லாம் வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் எனக்குப் பொறுக்கவில்லை. விடிந்ததும் ஒரு பன்னிரண்டு கிலோமீட்டர் ஆத்திரத்தில் ஓட்டிவிட்டு, வேர்வையோடு நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் காலைச் சுடுதண்ணிச் சட்டிக்குள் வைத்துக்கொண்டு புளி உடைத்துக்கொண்டிருந்தாள். வாங்கக்கா என்றாள். நான் உட்காரவில்லை.

"கால ஊன முடியலன்னு இப்புடி இருக்க. தெனமும் கிலோமீட்டரு மட்டும் ஏறிக்கிட்டே போகுதே, ஒன் சைக்கிள யாரு ஓட்டுறா?"

அவள் புளியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் சேலைத் தலைப்பெல்லாம் செம்மண்.

"நீங்கதான்க்கா" என்றாள்.

அவள் தன் போனை எடுத்து விரித்துக் காட்டினாள். நீலக்கோடு. இப்போதுதான் நான் போய் வந்த பன்னிரண்டு கிலோமீட்டர், அவள் போனில். முந்திரிக் காட்டைச் சுற்றி வளைந்து போகிறது. "நான் என்னைக்கு அந்தக் காட்டுக்குள்ள போயிருக்கேன்? அய்யனார் கோயில் பக்கத்துல பாருங்க, அங்க மட்டும் கோடு அறுந்திருக்கு. நம்ம ஊருல இன்னமும் எறங்கி நடக்குறது வேற யாரு?" என்றாள்.

அவள் மகள் சும்மா பார்க்கத்தானே என்று அம்மாவின் பேரையே என் போனிலும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். நான் மிதித்ததெல்லாம் அவள் பேரில் ஏறியிருக்கிறது. நான் பத்து போனால் அவளுக்குப் பத்து. நான் மூச்சு வாங்க வாங்க அவளைத்தான் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தேன்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். இரண்டாம் நாளே தெரியும் என்றாள். தெரிந்துமா சொல்லவில்லை என்றேன். அவள் புளியில் நார் எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"முப்பது வருசமா ஊருல எங்க போனாலும் உங்களோட ஓரகத்தின்னுதான் என்னயச் சொல்லுவாங்க. நீங்க ஓட்டுனீங்க, நான் பின்னால பழகுனேன். இந்த ஒரு மாசமா எல்லாரும் என்னயச் சொன்னாங்க. நல்லா இருந்துச்சு. அதான் சொல்லல. படையல்ல போட்டு ஒடைக்கணும்னா ஒடைங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவளுக்கும் என் மேல் இருந்திருக்கிறது. முப்பது வருஷமாக. எனக்குத் தெரியவே தெரியாது. தெரிந்ததும் இரக்கம் வந்ததா என்றால் வரவில்லை. இத்தனை வருஷம் உள்ளே வைத்துக்கொண்டு அக்கா அக்கா என்று குழம்பு கொடுத்தாளே என்றுதான் தோன்றியது. வீட்டுக்கு வந்து சுவரில் இருந்த கரியையெல்லாம் ஈரத் துணியால் துடைத்தேன். கருப்பு போய்ச் சாம்பலாகப் படிந்ததே தவிர, சுவர் வெள்ளையாகவில்லை.

உட்கார்ந்து யோசித்தேன். போட்டு உடைக்கலாம். ஆனால் எப்படி உடைப்பது? அந்தக் கிலோமீட்டர் என்னுடையது என்று சொன்னால், கால் வீங்கிக் கிடந்தவளோடு அறுபத்தெட்டு வயசில் ஒளிந்து ஒளிந்து போட்டி போட்டேன் என்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு நான் முந்திரிக் காட்டிலேயே விழுந்து கிடக்கலாம். வேறு ஒரு வழி இருந்தது. மொத்தம் நானூற்று எண்பதில் நிற்கிறது. அவளால் ஓட்ட முடியாது. நான் ஓட்டாமல் இருந்தால் போதும். ஐந்நூறு ஆகாது, பொன்னாடையும் இல்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலே அவள் தோற்றுவிடுவாள்.

அப்படியே உட்கார்ந்தேன். புதன் ஓட்டவில்லை. குரூப்பில் சித்தி, இன்னும் இருபதுதான் சித்தி, விட்டுறாதீங்க என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். அவள் பதிலே போடவில்லை. என்னிடமும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லும் சுகமாவது கிடைத்திருக்கும்.

வியாழக்கிழமை விடியலில் வாசல் தெளிக்க வெளியே வந்தேன். அவள் சைக்கிளைத் தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். காற்று அடித்திருந்தது. குதிகாலில் துணி சுற்றியிருந்தது. போனைப் பிடியில் மாட்டினாள். வலது காலைப் பெடலில் வைத்து அழுத்தியதும் அவள் முகம் கோணியது. மறுபடி ஊன்றிக்கொண்டாள். மறுபடி முயன்றாள். ஒரு இருபதடி ஓட்டிவிட்டாள்.

நான் தெளிக்கிற வாளியோடு நின்றேன். பாவம் என்று என் மனசு சொன்னதாக எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அது சொன்னது வேறு. இவள் எப்படியாவது நொண்டி நொண்டி அந்த இருபதையும் ஓட்டிவிடுவாள். கால் வலியோடு கடைசி இருபது கிலோமீட்டரை ஓட்டி முடித்தாள் என்று குரூப்பே கொண்டாடும். நடுவில் நான் ஓட்டியது எண்பத்திரண்டு. அது அந்த ஐந்நூறுக்குள் எங்கேயோ புதைந்துபோகும். முடிக்கிற இடம் அவளுடையதாகிவிடும். அது எனக்குத் தாங்கவில்லை. போர்வை யார் மேல் விழுந்தாலும் சரி, ஐந்நூறைத் தொடுகிற கால் என் காலாகத்தான் இருக்க வேண்டும்.

வாளியை வைத்துவிட்டுக் குறுக்கே போய் அவள் ஹேண்டிலைப் பிடித்தேன்.

"எறங்குடி."

"நாளைக்குப் படையல்க்கா."

"தெரியும். எறங்கு."

அவள் இறங்கினாள். நான் என் சைக்கிளை எடுக்கப் போனேன். அவள் தன் சைக்கிளை என் பக்கம் தள்ளினாள். வேண்டாம் என்றேன். அவள் பேரில் ஓட்டுவது போதும், அவள் சைக்கிளிலுமா?

மெயின் ரோட்டுக்குப் போய், கைகாட்டி வரைக்கும் போய்த் திரும்புவது, அப்படி இரண்டு தடவை. லாரியும் பஸ்ஸும் மீன் வண்டியும் காற்றை வாரி அடித்துக்கொண்டு போயின. இடுப்புக்காரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பன்னிரண்டுக்கு மேல் என் தொடை மரக்கட்டையாகிவிட்டது. பதினைந்தில் ஒரு புளியமரத்தடியில் நின்று தண்ணி குடித்தேன். திரும்பிவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் அவள் துணி சுற்றிய காலால் மிதிக்கிற மாதிரி கண்ணில் வரும், உடனே ஏறிவிடுவேன். இருபது என்று குரல் வந்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். பார்ப்பதற்கு யாரும் இல்லை. ஒரு மாடு இருந்தது.

படையலுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். குலசாமி கோயில் மரத்தடி முழுக்கக் கார். பொங்கல் வைத்து, கும்பிட்டு, சாப்பாட்டுக்கு முன்னால் அவள் மகள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினாள். என் மகன் துபாயிலிருந்து வீடியோவில் தெரிந்தான். குடும்பத்தில் மூத்த பொம்பளை நான்தான், அதனால் பெரியம்மா கையால் போர்த்தட்டும் என்று பொன்னாடையை என் கையிலேயே கொடுத்துவிட்டாள். அதையும் நான் செய்தேன். ஜரிகை போட்ட சிவப்பு. கனமே இல்லை. அவள் தோளில் போட்டு இரண்டு பக்கமும் இழுத்துவிட்டேன்.

எல்லோரும் தட்டினார்கள். தட்டி முடிந்ததும் என் ஓரகத்தி, "கடைசி இருபது அக்கா ஓட்டுனது. அதுக்கு முன்னாலயும் நெறைய அக்கா ஓட்டுனதுதான்" என்றாள். எல்லார் காதிலும் விழும்படிதான் சொன்னாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய மனசு, அக்காவை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்றார்கள். போனுக்குள்ளிருந்து என் மகன், "எங்க அம்மாவா? அது சைக்கிள்ல ஏறிப் பத்து வருசம் ஆச்சே சித்தி" என்று சிரித்தான். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். சாட்சி வைத்து நம்பவைக்கிற அளவுக்கு நான் இறங்கவில்லை. ஓரகத்தி என்னைப் பார்த்தாள், நான் சொல்லிட்டேன், இதுக்கு மேல என்ன பண்ண என்கிற மாதிரி. அவள் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்து போனார்கள். அவள் மகள் இலை எடுக்கத் திரும்பினாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, என் போனை நீட்டினேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

"இதுல எனக்குன்னு தனியா ஒண்ணு போட்டுக் குடு. என் பேர்ல. நான் ஓட்டணும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவள் அம்மா பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் கெட்டிக்காரி. அவளுக்கு அந்த ஒரு நிமிஷத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. "மொதல்லயே சொல்லியிருக்கலாமே பெரியம்மா" என்று மட்டும்தான் சொன்னாள். பேரைத் தமிழில் போடச் சொன்னேன். எழுத்தை நானே ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அமுக்கினேன். பந்தியில் முதல் வரிசை சாப்பிட்டு எழுந்துவிட்டது. முடித்ததும் என் பேர், அதற்குக் கீழே பெரிசாக ஒரு பூஜ்யம்.

இது நடந்து நாலு மாசம் ஆகிறது. அவள் குதிகால் சரியாகி, மறுபடி பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் ஓட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை குரூப்பில் இப்போது இரண்டு படம் வருகிறது. அவள் தொள்ளாயிரத்துக்குப் பக்கம். நான் அறுநூற்றுப் பதினொன்று. என் மகன் இப்போது எனக்கும் கைதட்டுகிறான், அவளுக்குத் தட்டிவிட்டு அப்புறம்.

அவளுடைய தொள்ளாயிரத்துக்குள் நூற்றுச் சொச்சம் என்னுடையது இருக்கிறது. அதைக் கழித்துப் பார்த்தால் நான் அவ்வளவு பின்னால் இல்லை. கழித்துக் கொடு என்று நான் யாரிடமும் கேட்கப் போவதில்லை. இப்போது வாரத்துக்கு அவளைவிட ஒன்பதோ பத்தோ கூடுதலாக ஓட்டுகிறேன். அடுத்த மாசிப் படையலுக்குள் அவளைப் பிடித்துவிடலாம், மழை மட்டும் நாள் கணக்கில் பெய்யாமல் இருந்தால். இன்று காலை அவள் கிளம்பும் சத்தம் கேட்டது. எழுதியது போதும்.